வெயில் பழகியவர்களும் பாலைவனத்துக் கூடாரமும்

பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறேன் என்று சொன்னபோது யாழ்ப்பாணத்தில் நான் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வெயில் எங்களுக்கென்ன புதுசே?" சித்திரை மாதத்தில் தார் இளகும் வீதியில் சைக்கிள் மிதித்தவர்களும், மின்சாரம் இல்லாத இரவுகளில் பனையோலை விசிறியோடு விறாந்தையில் பாய் விரித்தவர்களும் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் கலிபோர்னியாவிலுள்ள டெத் வேலி தேசியப் பூங்காவில் அக்கா குடும்பத்தோடு தங்கி வந்தபின், எங்கள் வெயில் பழக்கம் அந்த நிலத்தில் அரைக்காசுக்கும் உதவாது என்றே சொல்வேன். எங்களிடமிருந்து அங்கே கைகொடுப்பது தீவுப்பகுதிச் சனங்களின் தண்ணீர்க் கணக்கு.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி அந்தப் பள்ளத்தாக்கின் ஃபர்னஸ் கிரீக் என்ற இடத்தில் பதிவான 56.7 பாகை செல்சியஸ்தான் இன்றுவரை உலகின் மிக உயர்ந்த வளி வெப்பநிலையாகப் பட்டியலில் நிற்கிறது. அந்தப் பதிவைச் சந்தேகிக்கும் வானிலை ஆய்வாளர்களும் உள்ளனர். காற்றின் சூடு அது. நிலத்தின் சூடு வேறு. 1972 ஜூலையில் அங்கே தரையின் மேற்பரப்பு 94 பாகையைத் தொட்டது. இந்தச் சூட்டுக்குக் காரணம் அந்த இடத்தின் அமைப்பு. பசுபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா தொடக்கம் அடுத்தடுத்த மலைத்தொடர்களைக் கடக்கும்போதே தன்னிடமுள்ள நீரையெல்லாம் இறக்கிவிடுவதால், கடைசி மலையைத் தாண்டிக் கீழே விழும் காற்றில் ஈரம் மிச்சமில்லை. விழும்போது அமுக்கப்பட்டு அது மேலும் சூடாகிறது. சூடான காற்று மேலெழுந்தாலும் இருபுறமும் நிற்கும் செங்குத்தான மலைகளைத் தாண்டிப் போக வழியின்றி, சற்று ஆறித் திரும்பவும் அடிவாரத்துக்கே இறங்கி இன்னொருமுறை காய்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 55 மில்லிமீற்றர். கார்த்திகை மாதத்து அடைமழை நாள் ஒன்றிலேயே அதைவிடக் கூடுதலாக எங்கள் முற்றத்தில் கொட்டுவதுண்டு.

ஆகவே கோடையில் அங்கே கூடாரத்தில் தங்குவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பள்ளத்தாக்கின் அடியில் முகாமிடும் காலம் ஐப்பசி நடுப்பகுதியிலிருந்து சித்திரை வரைதான். நாங்கள் போனது தை மாதம். பகலில் 20 பாகை அளவு, இரவில் 5 பாகைக்குக் கிட்ட. யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனிக்கே காதைத் துணியால் மூடிக்கொள்ளும் எங்களுக்கு அந்தப் பாலைவனம் முதலில் காட்டியது குளிரைத்தான். உறக்கப்பை வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் வெப்பநிலை அளவைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அத்தான் வற்புறுத்தியதன் அருமை முதல் இரவிலேயே விளங்கியது.

பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 34 இலட்சம் ஏக்கர். இலங்கைத் தீவின் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1933இல் தேசிய நினைவிடமாகவும் 1994இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்த நிலத்தில் எங்கே கூடாரம் அடிப்பது என்ற கேள்வி உண்மையில் எந்த உயரத்தில் அடிப்பது என்ற கேள்விதான். ஃபர்னஸ் கிரீக் முகாம் தளம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 60 மீற்றர் கீழே கிடக்கிறது. அதே பூங்காவிலுள்ள மஹோகனி பிளட் முகாம் தளம் ஏறக்குறைய 2,500 மீற்றர் உயரத்தில், எங்கள் பிதுருதலாகலை மலையுச்சிக்கு ஒப்பான மட்டத்தில் இருக்கிறது. மாரியில் அதற்குப் போகும் பாதையைப் பனி மூடிவிடும். உயரே போகப் போக ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் இரண்டு பாகை அளவில் வெப்பம் குறையும் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் தளத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். இந்தக் கணக்கு பூங்கா அதிகாரிகள் கண்டுபிடித்ததும் அல்ல. அந்தப் பள்ளத்தாக்கின் ஆதிக் குடிகளான திம்பிஷா ஷொஷோனி மக்கள், மாரியில் அடிவாரத்தில் தங்கியும் கோடையில் மலையேறியும், மெஸ்கீற் மரத்தின் நெற்றுக்களையும் பைன் கொட்டைகளையும் அந்தந்தப் பருவத்தில் சேர்த்துப் பல நூற்றாண்டுகளாக இதே ஏற்ற இறக்கத்தில் வாழ்ந்தவர்கள். ஃபர்னஸ் கிரீக்கில் அவர்களின் கிராமம் இன்றும் இருக்கிறது. டெத் வேலி, அதாவது 'மரணப் பள்ளத்தாக்கு' என்ற பெயர் 1849இல் தங்கம் தேடிப் புறப்பட்டு வழிதவறிய வண்டிக்காரர்களோடு வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்காததில் வியப்பில்லை.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கமிருந்து நான்கைந்து மணித்தியால ஓட்டம். ஃபர்னஸ் கிரீக்கில் மாரிகால இடங்களை அமெரிக்க மத்திய அரசின் முன்பதிவு இணையத்தளத்தில் ஆறு மாதங்களுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். பூங்காவுக்குள் பெற்றோல் விற்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, விலையும் அதிகம் என்பதால் கடைசி ஊரிலேயே தாங்கியை நிரப்பிக்கொள்வது நல்லது. இன்னொன்று: ஊரிலிருந்து போகிறவர்கள் டொலர் தாள்களைப் பவுத்திரமாக மடித்துக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு, அந்தப் பூங்கா 2023 முதல் நுழைவுக் கட்டணத்தைக் காசாக வாங்குவதில்லை, வங்கி அட்டை வேண்டும்.

இனித் தண்ணீர். எங்கள் அம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலுள்ள புங்குடுதீவு. கிணறுகள் பல இருந்தாலும் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறு தொலைவில்தான். குளிக்க உவர்நீர், குடிக்க நன்னீர் என்ற பிரிப்பு அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும் வயதிலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவில் இத்தனை காலம் இருந்தும் அக்காவுக்கு அது மறக்கவில்லை. வாகனத்தின் பின்புறத்தில் தண்ணீர்க் கான்களை அடுக்கும்போதே குடிக்க, சமைக்க, கழுவ என்று அவர் வேறு வேறு நிறத் துணிகளால் கழுத்தைக் கட்டிவிட்டிருந்தார். மருமகள் குடிநீர்க் கானைத் திறந்து கை அலம்பப் போனபோது, "அது தொண்டைக்கு. கைக்கு அங்கால இருக்கு" என்றது அப்படியே எங்கள் அம்மாவின் குரல்.

முகாம் தளத்தில் குழாய் இருக்கிறது, நல்ல தண்ணீரும் வருகிறது. பிறகேன் இந்தக் கட்டுப்பாடு என்று கேட்கலாம். தளத்தைவிட்டு வெளியே வாகனத்தை எடுத்தால் அடுத்த குழாய் எத்தனையோ மைல்களுக்கு அப்பால். பெரும்பாலான இடங்களில் கைத்தொலைபேசிக்கு அலை கிடையாது. சில்லுக் காற்றுப் போய் நின்றால் இன்னொரு வாகனம் வரும்வரை உங்களிடம் உள்ள தண்ணீரே உங்கள் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லீற்றர் குடிக்க வேண்டும் என்பதும், அதற்கு மேல் அவசரத்துக்கென்று வாகனத்தில் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பதும் பூங்காவின் அறிவுறுத்தல். பாத்திரம் கழுவிய நீரையும் கண்டபடி நிலத்தில் ஊற்றக்கூடாது என்பதால், கழுவும் நீரைக் குறைப்பது சிக்கனம் மட்டுமல்லாமல் வேலையைக் குறைப்பதும்கூட. அக்கா சாப்பாட்டுக் கோப்பைகளை முதலில் பாண் துண்டால் துடைத்து அதை எங்களையே உண்ணச் செய்து, பிறகு கடதாசியால் ஒற்றி, கடைசியாக ஒரு குவளைத் தண்ணீரில் அத்தனையையும் அலசி முடித்தார். பக்கத்துத் தளத்திலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள்.

வெயில் பழக்கம் ஏன் உதவாது என்பதும் இங்கேதான் தெரியும். எங்கள் ஊரில் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலராமல் வழிகிறது. சட்டை முதுகில் ஒட்டும்போதே உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அறிந்து ஒரு செம்பு குடித்துவிடுகிறோம். டெத் வேலியின் காற்றில் வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிப் போய்விடும். மலைச்சரிவில் ஏறி இறங்கிய மருமகன், "எனக்கு வேர்க்கவே இல்ல மாமா" என்று பெருமையடித்தபோது அவனுடைய கழுத்துப் பட்டியின் ஓரத்தில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருந்தது. வியர்க்கவில்லை என்று நினைத்துக் குடிக்காமல் இருப்பவருக்குப் பின்னேரம் தலையிடியும் எரிச்சலும் வரும்போதுதான் விடயம் தெரியவரும். தை மாதக் குளிரிலும் காற்றின் வறட்சிக்குக் குறைவில்லை. இடியப்பப் பெட்டியைத் திறந்து தேத்தண்ணி ஊற்றுவதற்குள் மேலே இருந்த இடியப்பங்களின் ஓரம் காய்ந்து விறைத்துவிட்டது. உதடு வெடித்தவர்களுக்கு அக்காவின் நல்லெண்ணெய்ப் போத்தல்தான் மருந்து.

கூடாரம் அடிப்பது தனிக்கதை. மணலில் முளை அடிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போவோருக்கு அங்கே கிடைப்பது சரளைக் கல்லும் அதன்கீழ் இறுகிய களியும். கூடாரத்தோடு கடையில் தரும் மெல்லிய முளைகள் இரண்டாவது அடியிலேயே வளைந்துவிடும். தடித்த இரும்பு முளைகளைத் தனியாக வாங்க வேண்டும். ஊரில் மாட்டுக்குக் கட்டை அடித்துப் பழகிய அத்தான், "தம்பி, நேரா அடியாதையும். தலை கூடாரத்துக்கு வெளியால சரியிற மாதிரி அடியும், இழுக்க இழுக்க இறுகும்" என்று சொல்லித் தந்தார். சுத்தியல் ஒவ்வொருமுறை இறங்கும்போதும் கல்லில் பட்டுக் கை விறைக்கும். இரண்டு அங்குலம் தள்ளி அடித்தால் அங்கும் கல். கடைசியில் காற்றுப்பக்கத்துக் கயிறு ஒன்றை வாகனச் சில்லிலும் மற்றொன்றை நிரம்பிய தண்ணீர்க் கானிலும் கட்டினோம். பொழுது சாய்ந்ததும் பள்ளத்தாக்கின் நீளத்துக்கு வடக்கிலிருந்து காற்று எழுந்தது. வாடைக்காற்றைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இருந்தும் தடுக்க ஒரு மரமோ மதிலோ இல்லாத வெளியில் வரும் காற்றின் விசை வேறு. கூடாரத்தின் மேல்விரிப்பு வல்வெட்டித்துறைப் பட்டத்தில் காற்றுக்கு இரையப் பூட்டும் விண் என்ற கருவியைப் போல நடுச்சாமம்வரை இரைந்துகொண்டேயிருந்தது. வலைச் சாளரங்களால் புகுந்த தூசு காலையில் தலையணைகளில் மெல்லியதாகப் படிந்திருந்தது.

பாலைவனத்தில் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டும் என்றால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் வறண்டு கிடக்கும் ஓடைத் தடங்களில் கூடாரம் அடிக்கக்கூடாது என்ற விதி வெறும் பயமுறுத்தல் இல்லை. மழையை உறிஞ்சும் மண்ணும் வேரும் அங்கே மிகக் குறைவு. தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை, தளத்தில் ஒரு துளியும் விழாதிருக்கும்போதே கல்லும் சேறுமாக ஓடி வந்துவிடும். 2022 ஆகஸ்ட் 5ஆம் திகதி ஒரே நாளில் 37 மில்லிமீற்றர் பெய்து வீதிகளை அரித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் திகதி ஹிலரி புயலின் எச்சம் ஒரே நாளில் ஓர் ஆண்டின் மழையைக் கொட்டியதில் பூங்கா ஏறக்குறைய இரண்டு மாதங்கள் மூடப்பட்டது. அந்த மழையால் பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த பகுதியில் பெரும் ஏரி ஒன்று தேங்கி, பல மாதங்கள் நின்று, 2024 மாசியில் அதில் சிறு படகு ஓட்டவும் மக்களுக்கு அனுமதி கிடைத்தது.

காற்று ஓய்ந்த பின் வெளியே வந்தோம். ஊர் வெளிச்சமற்ற வானத்துக்காக 2013இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பூங்கா அது. அதைப் பற்றி எல்லோரும் ஆகா ஓகோ என்று எழுதிவிட்டதால் நான் வேறொன்றைச் சொல்கிறேன். துருவ நட்சத்திரம் யாழ்ப்பாணத்தில் அடிவானிலிருந்து பத்துப் பாகைக்கும் குறைவான உயரத்தில், பனைவட்டுக்குப் பின்னால் மறைந்து கிடப்பது. அங்கே அது முப்பத்தாறு பாகை உயரத்தில், தேடாமலே தெரியும் இடத்தில் நின்றது. வடக்கே கூடிய அளவு தெற்கே குறைய வேண்டுமல்லவா. தை மாத இரவில் எங்கள் தென்வானில் தெளிவாக ஒளிரும் அகத்திய நட்சத்திரம் அந்த இடத்தில் அடிவானுக்கு மேல் ஒரு பாகைகூட எழாது, மலை மறைத்துவிடும். அகத்தியரை வடக்கிலிருந்து தெற்கே அனுப்பிய கதையைச் சொல்லி மருமக்களுக்கு அந்த வெற்றிடத்தைக் காட்டினேன். கார்த்திகைக் கூட்டம் மட்டும் இரு ஊரிலும் ஏறக்குறைய உச்சிக்கு மேலேதான்.

இரவில் உணவை வெளியே வைக்கக்கூடாது. கொயோட்டே எனப்படும் நரியினம் தளங்களைச் சுற்றி வரும். பகலில் அண்டங்காக்கைகள் பைகளின் பல்லிணைப்பட்டையைக்கூட இழுத்துத் திறந்துவிடும் என்று எச்சரிக்கிறார்கள். எங்கள் சம்பல் டப்பாவைச் சுற்றி ஒரு காகம் நடந்த நடையைப் பார்த்து அத்தான், "சனிக்கிழமைச் சோறு கேக்குது" என்றார்.

காலையில் பாட்வோட்டர் உப்புவெளிக்குப் போனோம். கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே, வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலம் அது. வாகனத் தரிப்பிடத்தில் நின்று அண்ணாந்தால் பின்னாலுள்ள பாறைச் சுவரில் மிக உயரத்தில், 'கடல் மட்டம்' என்று எழுதிய பலகை சிறிதாகத் தெரியும். ஆனையிறவைக் கடந்து வளர்ந்தவர்களுக்கு வெள்ளை நிலம் புதிதல்ல. ஆனால் ஆனையிறவில் கடனீரேரித் தண்ணீரைப் பாத்திகளுக்குள் விட்டு மனிதர் காயவைக்கும் வேலையை இங்கே நிலமே செய்துகொள்கிறது. பழைய ஏரிகள் வற்றி விட்டுச்சென்ற உப்பு நிலத்தடி நீரில் கரைந்து மேற்பரப்புக்கு ஏறி, நீர் ஆவியானதும் மீண்டும் பளிங்காகிறது. உப்புத் தகடுகளின் விளிம்புகள் மேலெழுந்து, பெரும்பாலும் ஆறு பக்கங்கொண்ட கட்டங்களாக வெளி முழுவதும் பரந்திருக்கின்றன. குனிந்து பார்த்தால் விளிம்புகளில் உள்ள உப்பு சிறு ஊசிகளாக நிற்கும். விரலால் தொட்டால் பொடியாகும். சமையலுக்கு ஒரு கைப்பிடி அள்ளலாமா என்று அக்கா கேட்டார், விளையாட்டாகத்தான். பூங்காவிலிருந்து ஒரு கல்லையும் எடுக்கக்கூடாது என்பது சட்டம்.

பின்னேரம் மெஸ்கீற் பிளட் மணற்குன்றுகள். வடமராட்சியின் மணற்காட்டில் சறுக்கி விளையாடியவர்களுக்கு இவை உருவத்தில் பழகிய குன்றுகளே. மணற்காட்டுக் குன்றுகளைக் கடற்கரை மணலும் பருவக்காற்றும் கட்டின. இவற்றை மலைகளிலிருந்து அரிந்து வந்த மணலும், அதைத் தாண்டிச் செல்ல விடாமல் காற்றைத் தடுக்கும் மலைகளும் சேர்ந்து கட்டியிருக்கின்றன. குன்றுகளின் மேல் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. ஒரு புதரின் அடியில் கங்காரு எலியின் தடம் கிடந்தது: பின்னங்கால்கள் பதித்த இரு சிறு குழிகள், அவற்றுக்கு நடுவே வால் இழுபட்ட மெல்லிய கோடு. அந்த எலி வாழ்நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமலே இருக்கக்கூடியது. உண்ணும் விதைகள் உடலில் எரியும்போது உண்டாகும் நீரே அதற்குப் போதும். பகலில் வளையை அடைத்துக்கொண்டு, தன் மூச்சின் ஈரத்தையும் வீணாக்காமல் கிடக்கும். அதைக் கேட்ட அக்கா, "எங்கட அம்மம்மாவைவிடச் சிக்கனம்" என்றார்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போகும் அம்மா, அப்பாவையும் இப்படிக் கூட்டிப்போகலாமா என்று ஊரில் இரண்டொருவர் கேட்டார்கள். ஃபர்னஸ் கிரீக் வரை தாராளமாகப் போகலாம். தளம் சமதரை, தண்ணீர் ஊற்றும் கழிவறை கிட்டவே இருக்கிறது, வாகனம் கூடார வாசல்வரை வரும். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு நிலத்தில் படுத்து எழும்புவதுதான் வில்லங்கம் என்பதால் மடக்குக் கட்டில் ஒன்றும் மடக்குக் கதிரையும் கொண்டுபோக வேண்டும். கம்பளித் தொப்பியும் காலுறையும் கட்டாயம். மலையுச்சித் தளங்களுக்கு அவர்களைக் கொண்டுபோகாதீர்கள். இரவில் எழும்ப வேண்டி வருமே என்று பின்னேரத்திலிருந்தே தண்ணீரைக் குறைப்பது அந்த வயதினரின் வழக்கம். அங்கே அதற்கு மட்டும் இடங்கொடாமல், பக்கத்தில் ரோச் லைற்றை வைத்துக்கொண்டு நீங்களே நேரத்துக்கு நேரம் ஊற்றிக் கொடுங்கள்.